கேட் டிரைவரும் ஈரத் தரையும்

எனக்கு வாய் முந்தும். மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் உப்பேரிக் கரைக் குப்பத்து மகளிர் குழுவின் ஐஸ் பெட்டி நின்றுபோன அன்றும் அப்படித்தான் செய்தேன்.

அது சோலாரில் ஓடும் பெட்டி. வாங்கச் சொன்னதே நான்தான். பொன்னேரியில் இன்வர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறவள், கெட்டுப்போனால் நான் இருக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். அன்று காலை கொட்டகைக்குப் போனபோது பெட்டி நிறைய இறால் இருந்தது, மோட்டார் சத்தம் இல்லை. மத்தியானம் இறால் ஏற்றும் வண்டி வருவதற்குள் ஓடாவிட்டால் அவ்வளவையும் கொட்ட வேண்டியதுதான். ஏழெட்டுப் பெண்கள் கூடி நின்றிருந்தார்கள். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அப்போதுதான் தரையைக் கழுவி முடித்திருந்தார். இன்வர்ட்டருக்குக் கீழே தண்ணீர் நின்றது.

"இப்டி கொடம் கொடமா ஊத்தினா கரண்ட் பொட்டி இன்னாத்துக்கு ஆவும்? உங்களாலதான்க்கா போச்சு" என்றேன், எல்லோர் முன்னாலும்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் கீழதானம்மா ஊத்தினேன்" என்றார்.

பேனல் இணைப்பைக் கழற்றினேன். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, இன்வர்ட்டர் போர்டை வெளியே எடுத்து, சின்ன பேட்டரி ஒன்றில் அதை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும் சுவிட்சுகள் இன்வர்ட்டரில் உண்டு. அவற்றை இயக்குவது கேட் டிரைவர் என்கிற சின்ன ஐசி சில்லு. அதற்கு இரண்டு கரை. இந்தக் கரையில் கட்டளை, அந்தக் கரையில் ஆளைக் கொல்லும் மின்சாரம். நடுவே கம்பித் தொடர்பு கிடையாது, கட்டளை மட்டும் தாவும். அந்தக் கரைக்கு வேண்டிய பதினைந்து வோல்ட்கூட ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வழியாகத் தனியாகத்தான் போகும்.

மின்சாரத்தை அலையாக வரைந்து காட்டும் கையடக்க ஸ்கோப்பை வைத்தேன். கட்டளை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் வெறும் நேர்கோடு. ஐசி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பையில் இருந்த புதியதைப் பற்றவைத்தேன். அதுவும் நேர்கோடுதான். அதை விற்ற கடைக்காரரைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் திட்டினேன்.

பிறகு அந்தப் பதினைந்து வோல்ட்டை அளக்கப் போனேன். மீட்டரில் எண்கள் தாறுமாறாக ஆடின. பழக்கதோஷத்தில் கறுப்பு முனையை இந்தக் கரையிலேயே மாட்டியிருந்தேன். இரண்டு கரைக்கும் பொதுவான எர்த் கிடையாது என்பது முதல் வருஷப் பாடம். முனையை மாற்றி வைத்ததும் மீட்டர் ஒன்பதில் நின்றது. பன்னிரண்டுக்குக் கீழே போனால் டிரைவர் தானாகவே நின்றுவிடும், அரைகுறையாகத் திறந்து சுவிட்சை எரித்துவிடக்கூடாது என்பதற்காக. ஆக, ஐசியில் கோளாறு இல்லை. ஆறு வோல்ட்டை எதுவோ தின்றுகொண்டிருந்தது.

போர்டைத் திருப்பினேன்.

ஐசிக்கு நேர் அடியில், இரண்டு கரைக்கும் நடுவே, போர்டையே அறுத்து நீளமாக ஒரு பிளவு விட்டிருப்பார்கள். ஈரமும் அழுக்கும் குறுக்கே போய்விடக்கூடாது என்று விட்ட இடைவெளி. அந்தப் பிளவு முழுக்கச் சாம்பல் நிறப் பசை. பக்கத்தில் இருந்த குட்டி டிரான்ஸ்பார்மரின் கால்கள்மேலும் வழிந்து, கட்டை விரலால் வழுவழுவென்று தடவப்பட்டிருந்தது. ஃபைபர் படகின் விரிசலுக்குப் பூசும் பசை. அந்தத் தடவலை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அது படகு அடைக்கும் என் அப்பாவின், என் நைனாவின் விரல்.

போன மழைக்குப் பிறகு அந்தப் போர்டைச் சுத்தம் செய்ய வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். கழுவி, மேசைமேல் காயவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று நைனா வாசலில் யாருடைய படகுக்கோ பசை குழைத்துக்கொண்டிருந்தார். திரும்ப மாட்டும்போது அவசரத்தில் நான் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. காய்ந்திருந்தவரை பசை சும்மா கிடந்தது. ஈரக்காற்று அடித்ததும், அவர் விரலோடு உள்ளே போன உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து, கால்களுக்கு நடுவே மின்சாரத்தைக் கசியவிட்டது.

பிளேடால் சுரண்டினேன். ஸ்பிரிட்டில் கழுவி வெயிலில் காயவைத்தேன். பதினைந்து வந்தது, ஸ்கோப்பில் சதுரம் சதுரமாக அலை வந்தது. எல்லாவற்றையும் மாட்டி பேனலைக் கொடுத்ததும் பெட்டி ஒருமுறை குலுங்கி ஓட ஆரம்பித்தது. வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"இன்னாதான் ஆச்சு?" என்று குழுவில் ஒருத்தி கேட்டாள்.

அந்த வாரம்தான் நைனா அடைத்துக் கொடுத்த படகு ஒன்று ஏரி நடுவில் ஒழுகியிருந்தது. "கண்ணு போச்சு, இன்னும் பசைய தூக்கினு திரியறாரு" என்று கரையில் கேலி. இதுவும் தெரிந்தால் அவரிடம் யாரும் படகு கொடுக்கமாட்டார்கள். பசைத் துகள்களைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஈரந்தான்" என்றேன். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, வெட்கமாக இருந்தது.

வீட்டில் நைனாவைக் கேட்டேன். "ஓட்ட இருந்துதும்மா. நீ பாக்காம வுட்டுட்ட, நாளைக்கி உனக்குத்தானே கெட்ட பேருனு அடைச்சேன்" என்றார். அது வேண்டுமென்றே விட்ட இடம் என்று நான் சொன்னதும், தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மேல் பழி போட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செருப்புகூடப் போடாமல் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. நைனாவிடம் இப்போதும் படகுகள் வருகின்றன. போன வாரம் கொட்டகைக்குப் போயிருந்தேன். அக்கா மண்டியிட்டு, பிழிந்த துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டி வலி உண்டு. ஆனாலும் அன்றிலிருந்து அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லையாம். என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்து, இன்வர்ட்டருக்குக் கீழே கையால் தடவிக் காட்டினார்.

"பாரும்மா, ஒரு சொட்டு ஈரம் கீதா? இனிமே என்னால கெட்டுப் போவாதில்ல?"

"போவாதுக்கா" என்றேன்.