சிவப்புச் சொக்ஸ்

வேலிக்கு மேலால் ஒரு கட்டுப் பயற்றங்காயை நீட்டியபடி பக்கத்து வீட்டுச் சீன அம்மா என் வயதைக் கேட்டார். பக்குரங்கா என்ற இந்த ஊரில் பதினாறு வருஷமாக அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். எங்களுக்குள் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலமும் மரக்கறியும்தான். இந்த வருஷம் அறுபது என்றேன். அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். முகம் கறுத்துப் போயிற்று.

அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எங்கட சாத்திரப்படி நீங்கள் பிறந்தது குதிரை வருஷம். இதுவும் குதிரை வருஷம். பிறந்த வருஷம் திரும்பி வந்தால் கூடாத காலம். சிவப்புச் சொக்ஸ் போட வேணும்."

"எங்கட சனியன் பிடிச்சால் ஏழரை வருஷம் விடாது. உங்கட குதிரை ஒரு வருஷத்தில போயிடுமெண்டால் நல்ல குதிரைதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்களே வாங்கினால் பலிக்காது. வேற ஆள் வாங்கித் தர வேணும். மகனிட்டச் சொல்லுங்கோ."

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள் நான். சாத்திரியிடம் போனதற்காக என் மனுசனோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்திருக்கிறேன். இவர் காலமாகி மூன்று வருஷம். இருந்திருந்தால் ஒரு சோடி கேட்டதற்கு ஆறு சோடி வாங்கி வந்து என்னிடம் பேச்சும் வாங்கியிருப்பார். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் நானே போய் எரிக்கலாம். இந்தக் குதிரைக்கு இன்னொரு ஆள் வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வெலிங்டனிலிருந்து மகன் போன் எடுத்தபோது பகிடிபோலச் சொல்லிப் பார்த்தேன். அவனும் சிரித்தான். ஒரு சோடி சொக்ஸ்தானே அம்மா, நீங்களே வாங்கலாமே என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு பிரஷர் குளிசை போடுகிறேனா என்று கேட்டான். பிழை சொல்ல முடியாத பிள்ளை. "ஓம் ஓம்" என்று வைத்துவிட்டேன். வாய் விட்டுக் கேட்டும் கிடைக்கவில்லையே என்று அன்று முழுக்க மனம் கிடந்து எரிந்தது. சாப்பிடவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து பிளாசாக் கடைத்தொகுதிக்குப் போய் நானே வாங்கினேன். யாருக்காவது பரிசா என்று காசாளர் பெண் கேட்டாள். மகனுக்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது.

பெப்ரவரி வெயிலில், செருப்புக்குள் சிவப்புச் சொக்ஸோடு உடுப்புக் காயப்போடப் போனேன். சீன அம்மா பயற்றங்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்கும் முன்னமே, "மகன் அனுப்பினவன். குரியரில வந்தது" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். "நல்ல மகன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பின்கதவைத் திறந்தால் படியில் ஒரு கட்டுப் பயற்றங்காய். அதன் கீழே சிவப்புச் சொக்ஸ் ஒரு சோடி. அதே பிளாசாக் கடைதான், விலைச்சீட்டை மட்டும் ஒழுங்காக வெட்டி எடுத்திருந்தார். நான் சொன்னதை அவர் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. படியிலேயே இருந்து அழுதேன்.

வெட்கத்தில் நாலு நாள் வேலிப் பக்கம் தலை காட்டவில்லை. ஆனால் அவர் தந்ததைப் போட்டுத் தோய்த்து, அவருக்குத் தெரிகிற கொடியில்தான் காயப்போட்டேன்.