ஆளில்லாத பஸ்ஸில் பிடித்த இடம்

கப்பலில் ஏறியது முதலே எனக்கு அலுப்புதான். மகள் ஆசையாகப் பதிவு செய்து அனுப்பிய பயணம் என்பதால் வாய் திறக்க முடியவில்லை. காங்கேசன்துறையில் இறக்கி, சட்டையில் ஆளுக்கொரு எண் ஒட்டி, யாழ்ப்பாணக் கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள்.

என் மனைவிக்கு அந்தப் பயணத்தில் ஒரே ஆசை. வழியிலேயே சொல்லிவிட்டாள்: "எனக்கு ஒண்ணியும் வாங்கித் தராத. கோட்ட மேல ஏறி, ரெண்டு பேரும் சேந்து நின்னு கடல பாக்கணும். அவ்ளோதான்."

வாசலில் வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கிப் பிடித்து, "சரியா ஒண்டரைக்கு பஸ் வெளிக்கிடும். ஆருக்காகவும் நிக்காது" என்றார். போச்சு. அதற்குப் பிறகு அவர் சொன்ன போர்த்துக்கீசியர் கதை, டச்சுக்காரர் கதை எதுவும் என் காதில் ஏறவில்லை.

சென்னை பாடியில் முப்பத்தோரு வருடம் தொழிற்சாலை வேலை. வீடு இருக்கும் நெமிலிச்சேரியில் கம்பெனி பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. இருபது நிமிடம் முன்பே போய் நின்று பழகிய கால்கள் இவை. ஓய்வு பெற்றும் புத்தி மாறவில்லை.

கோட்டை மேலே ஏறும் சரிவில் பாதியிலேயே நின்றுவிட்டேன். "நீ போயி பாத்துட்டு வா. நான் சீட்டு புடிச்சி வெக்கிறேன்."

"இன்னாய்யா, நம்ப சீட்டு அங்கியேதான் கீது. எவன் தூக்கினு போப்போறான்?"

நான் கேட்கவில்லை. முட்டி வலியோடு அவள் கூட்டத்தின் பின்னால் ஏறிப் போனாள். நான் இறங்கி வந்து, ஒரு இருக்கையில் கைக்குட்டை, இன்னொன்றில் தண்ணீர் பாட்டில் என்று போட்டு இடம் பிடித்தேன். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநரைத் தவிர ஈ காக்கை இல்லை. வெளியே வெயிலில் நின்று முக்கால் மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

ஒன்றே முக்காலுக்குத்தான் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். பஸ் அத்தனை பேருக்காகவும் நின்றது.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை நீட்டினாள். கடல் படமாக இருக்கும் என்று வாங்கினேன். மேலிருந்து எடுத்த படம். அகழிக்கு அப்பால் வெள்ளை பஸ், பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவுக்கு நான், மணிக்கட்டைப் பார்த்தபடி.

"கடல எடுக்கலியா?"

"நீ எப்பனா தலய தூக்குவன்னு பாத்துகினே இருந்தேன். அதுக்குள்ள கூப்ட்டுட்டாங்க."