இல்லாத சுகருக்கு ஒரு பத்தியம்

மனநல டாக்டரிடம் டோக்கன் கூப்பிடுகிற வேலைக்கு இரண்டே தகுதிதான்: சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிய வேண்டும், வந்தவர் முந்தானையால் முகத்தை மூடியிருந்தால் பேர் சொல்லாமலும் கூப்பிடத் தெரிய வேண்டும்.

பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, மறுபடி எழுதும்வரை வீட்டில் எல்லார் குரலிலும் பேசிக் காட்டிக்கொண்டு திரிந்த என்னை, தொல்லை தாங்காமல் அம்மா இங்கே வேலைக்குக் கொண்டுவந்து விட்டாள். பல் டாக்டர், கண் டாக்டர், ரேஷன் கடை என்று எங்கேயாவது வரிசையைக் கட்டி மேய்த்தவர்கள் இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. இதில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போது தரமாட்டேன். எங்கள் கிளினிக்கில் வந்தவுடனே யாரும் உள்ளே போனதில்லை; உங்களுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? உட்காருங்கள். பேர்களை மாற்றியிருக்கிறேன். எடைகளை மாற்றவில்லை.

எடை மிஷின்

கிளினிக் மாடியில். கீழே பேக்கரி. காதுக்குள் கேட்கிற குரல்களை அடக்குகிற மாத்திரைகளில் சிலது, வயிற்றுக்குள் வேறொரு குரலைக் கிளப்பிவிடும். அப்படி ஒரு பசி. எடை ஏறும், இடுப்பு பெருக்கும், கவனிக்காமல் விட்டால் சுகரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் டாக்டர் மாசாமாசம் எடை பார்த்து, டேப் வைத்து இடுப்பை அளக்கச் சொல்வார். அளப்பது நான். அந்தப் பசியோடு படியேறுகிறவர்கள் மூக்குக்கு நேராக, கீழே சூடாக பப்ஸ் வெந்துகொண்டிருக்கும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் வருவார். இவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவர் என் மிஷினை நம்பவே மாட்டார். ஒருநாள் ஷூ, பெல்ட், வாட்ச், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். முள் அசையவில்லை. கடைசியாகப் பல் செட்டைக் கழற்றி என் டோக்கன் டப்பாவுக்குள் போட்டார். அப்போதும் அசையவில்லை. பொக்கை வாயோடு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மத்மசேல், இனிமே கழட்டறதுக்கு என்கிட்ட பிரெஞ்சு குடியுரிமைதான் பாக்கி."

வெறும் வயிறு

இனி வருவதெல்லாம் ஒரே குடும்பம். ஏழுமலை அண்ணன் அரியாங்குப்பத்துக்காரர், லேத் பட்டறையில் வேலை. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் மிஷினை நிறுத்திய பிறகும் அவருக்குள் இரண்டு பேர் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம். மாத்திரை ஆரம்பித்ததும் அந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். பதிலுக்குத் தொப்பை வந்தது.

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதி, காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னார். அவர் அம்மா அஞ்சலையம்மா கூட்டிவந்தார். ஊசி குத்துவதற்கு முன்னால் சும்மா கேட்டேன், ஒன்றும் சாப்பிடவில்லையே என்று. எட்டு இட்லி, கெட்டிச் சட்னி, மேலே ஒரு காபி. சனிக்கிழமை விரதத்துக்கு எது கணக்கோ அதுதான் ரத்தத்துக்கும் என்று அந்தம்மா முடிவு கட்டியிருந்தார். நான் தலையில் கை வைத்ததும் கோபம் வந்துவிட்டது:

"சோறு ஒரு பருக்க தொடல பாப்பா, பெருமாளு மேல சத்தியம்!"

வம்சம்

குடும்பத்தில் யாருக்காவது சுகர் இருந்தால் இந்த மாத்திரையால் சுகர் வருகிற வாய்ப்பு இன்னும் கூடும். அதனால் டாக்டர் அதையும் கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆனால் அஞ்சலையம்மா முழித்த முழியைப் பார்க்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், மனசுக்கு வைத்தியம் என்று தெருவில் சொல்ல முடியாது. சொன்னால் பொண்ணு கொடுக்க மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அதனால் எங்கள் கிளினிக்குக்கு வருகிற பாதிப் பேர் வெளியே சொல்வது, "சுகர் டாக்டர்கிட்ட போறோம்." ஏழுமலை அண்ணனின் பெரியப்பாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் வேறொரு டாக்டரிடம் மாத்திரை வாங்கி, சுகர் என்று சொல்லியே வாழ்ந்து முடித்தார். அப்பாவுக்கோ அசல் சுகர். அவர் விருந்தில் பாயசம் போடாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து, கால் புண் ஆறாதபோதும் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது அந்தம்மா என் காதருகே குனிந்து கேட்டார்:

"பாப்பா, ஊருக்குச் சொன்னத சொல்றதா, ரத்தத்துல இருந்தத சொல்றதா?"

பத்தியம்

அந்த வருஷம்தான் ஏழுமலை அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், தனம் அக்கா. அவரிடமும் சுகர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். மாசாமாசம் அவரைப் பின்சந்து வழியாக பேக்கரிக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, இவர்கள் மட்டும் மாடி ஏறுவார்கள். வாசல் பக்கம் மனநல டாக்டர் என்று போர்டு இருக்கிறதே!

தனம் அக்கா சுகர் என்று கேள்விப்பட்டதும் அடுப்படியையே மாற்றிவிட்டார். காலையில் கேவுரு கூழ், அதாவது கேழ்வரகு. ராத்திரி கேவுரு ரொட்டி. டீயில் சர்க்கரை கிடையாது. சாயந்திரம் லாஸ்பேட்டை விமான நிலையத்து ரோடுவரை ஸ்கூட்டரில் போய், அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் பின்னாலேயே வந்து, "இவருக்கு வேணாம், இவருக்கு வேணாம்" என்று கையை நீட்டி மறிப்பாராம். மாத்திரையின் பசி ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். இந்த மாத்திரையையே தலையைச் சுற்றி எறிந்துவிடலாமா என்றுகூட ஒருநாள் அண்ணன் கேட்டார். எறிந்தால் உள்ளே அந்த இரண்டு பேரும் திரும்பி வருவார்கள். எறியாமல் உண்மையைச் சொன்னால் தனம் அக்கா போய்விடுவார் என்று பயம். எடை மிஷின் மேல் நின்றபடி கிட்டத்தட்ட அழுதுவிட்டார்:

"தங்கச்சி, இல்லாத வியாதிக்குப் பத்தியம் இருக்கற ஒரே ஆம்பள இந்தப் புதுச்சேரியில நான்தான்."

டாக்டர் குரல்

தீபாவளி வந்தது. மாமியார் வீட்டில் அதிரசம். அண்ணன் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார்: "நீதான் எல்லார் மாதிரியும் பேசறியே தங்கச்சி, டாக்டர் மாதிரி ஒரு போன் போட்டுச் சொல்லேன்." எங்கள் டாக்டருக்கு ஆளுக்கேற்ற குரல் இல்லை. ஆறடி மனுஷர், கீச்சுக் குரல். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

டாக்டர் வராத மத்தியான நேரமாகப் பார்த்து தனம் அக்காவுக்கு போன் போட்டேன். "ஹலோ, டாக்டர் பேசறேம்மா. பண்டிகை நாள். ஏழுமலை ரெண்டு அதிரசம் எடுத்துக்கலாம், ஒண்ணும் ஆகாது, ம்ம்?" அந்த 'ம்ம்' டாக்டருடைய முத்திரை. அதைப் போட்டபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. தனம் அக்கா பணிவாக எல்லாம் கேட்டார். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? எண்ணெயை ஒத்தி எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் 'ம்ம்' போட்டேன். கடைசியில் சொன்னார்:

"சரிங்க டாக்டர், ஒண்ணு போதும். கீழ பேக்கரில சூடா பால் வாங்கிக் குடிங்க, தொண்ட ரொம்பக் கட்டியிருக்கு."

மாடிப்படி

அடுத்த மாசம் ஏழுமலை அண்ணன் நிஜமாகவே வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தார். ரிசல்ட் வாங்க வந்த அன்று பார்த்தால், சுகர் இல்லை, எடையும் நன்றாகக் குறைந்திருந்தது. நான் அவரை அவர் அம்மாவின் குரலில் வாழ்த்திக்கொண்டிருந்தபோது படியில் கொலுசுச் சத்தம். தனம் அக்கா, அதுவும் வாசல் பக்கப் படியில், போர்டைத் தாண்டி. அண்ணன் மிஷினிலிருந்து இறங்க மறந்து நின்றார். அக்கா என்னைப் பார்த்து, "அதிரச டாக்டர் நீதான?" என்றார். என்னையறியாமல் டாக்டருடைய அதே 'ம்ம்' போட்டுவிட்டேன்.

பிறகு பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அவர் சாப்பிடுகிற அதே மாத்திரை.

"என் பொட்டியிலேர்ந்து எடுத்தியா?" என்றார் அண்ணன்.

"இது எங்கம்மாது."

"உங்கம்மாவுக்குச் சுகர்னு பொண்ணு பாக்க வந்தன்னிக்குச் சொன்னாங்களே?"

"உங்களுக்கும் அதத்தான சொன்னாங்க."

அண்ணன் அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. "அப்ப மொத நாள்லேர்ந்து உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா எனக்குக் கேவுரு கூழு ஊத்துன?"

"எங்கம்மாவுக்கும் மொதல்ல ஊருக்குச் சொல்றதுக்குத்தாங்க சுகர். மாத்திர சாப்புட்டு உடம்பு வச்சிது, யாரும் கண்டுக்கல, நெசமாவே வந்துடுச்சு. மாத்திரைய நிறுத்துனாங்க, அது அத விட மோசம். அதான், மாத்திரையில நான் கை வைக்கல, சோத்துலதான் வச்சேன்." டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார். "ரெண்டு வீட்லயும் சுகர், மனசு ரெண்டும் இருக்கு. பிள்ள பெத்துக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நெசத்தச் சொல்லிக் கேக்கணும், இருந்தா இன்னா, வராமலும் போவும்ல? எறங்குங்க, வாங்க."

அண்ணன் இறங்கினார். முகத்தில் இப்போதுதான் விஷயம் முழுசாக விழுந்தது. கதவருகே போனவர் சட்டென்று திரும்பி, நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்:

"அடிப்பாவி, எல்லாம் தெரிஞ்சிருந்தும் ரெண்டாவது அதிரசத்த ஏண்டி குடுக்கல?"

ஊர் முழுக்க ஒரு குரல் விடாமல் பேசிக் காட்டிய என்னைவிடப் பெரிய நடிகை, பேக்கரியில் மாசக்கணக்கில் ஒன்றும் தெரியாத மாதிரி வாயை மூடி உட்கார்ந்திருந்த தனம் அக்காதான்.