குமுதாவுக்குக் கேட்ட தண்ணீர்

கிள்ளானில் உள்ள ஓர் அரசாங்க மருத்துவமனைக்கு அந்த நாளில் போன் செய்தவர்கள் பலருக்குக் குமுதாவின் குரல் தெரிந்திருக்கும். முப்பத்தெட்டு வருடம் அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். நான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவளுக்குக் கண் பார்வை போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸில் தங்கி, பார்வையற்றவர்களுக்கான பயிற்சியை முடித்து, இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த டாக்டரும் அவளிடம் பெயர் சொல்ல வேண்டியதில்லை. தொண்டையைச் செருமினாலே போதும், யாரென்று கண்டுபிடித்துவிடுவாள்.

நாகையா அவளுக்குக் கிடைத்ததும் போனில்தான். அவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த ஒருவருக்குக் கால் நசுங்கி வார்டில் படுத்திருக்க, தினமும் சாயங்காலம் துறைமுகத்து வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டு விசாரிப்பார். பதினோரு நாள் அப்படிக் கூப்பிட்டார். பன்னிரண்டாவது நாள் குமுதா, உங்கள் கூட்டாளி இன்று காலையே வீட்டுக்குப் போய்விட்டாரே என்றாள். ஆமாம், நான்தான் லோரியில் கொண்டுபோய் விட்டேன், சும்மாதான் கூப்பிட்டேன் என்றார் நாகையா. அடுத்த வருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் சாலைக்குப் பக்கத்தில் தாமான் என்று சொல்லும் ஒரு பழைய குடியிருப்பில், குமுதாவின் அரசாங்கக் கடனில், அவள் பெயரில் ஓர் ஒற்றை மாடி வரிசை வீட்டை வாங்கினார்கள். மகள் விஷ்ணுப்ரியா அங்கேதான் பிறந்து வளர்ந்தாள். இப்போது ஜொகூரில் வேலையாக இருக்கிறாள். வீட்டில் எந்தப் பொருளையும் யாரும் இடம் மாற்றியதில்லை. நாற்காலியை நகர்த்தினால்கூட நாகையா திரும்பவும் அதே இடத்தில் கொண்டுவந்து வைப்பார். கதவிலிருந்து கேட் வரைக்கும் பதின்மூன்று அடி. குமுதா கோல் இல்லாமலேயே போய்த் தபாலை எடுத்து வருவாள்.

வருடக்கணக்காக லோரி எஞ்சின் பக்கத்திலேயே இருந்ததில் நாகையாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வலது காது ரொம்ப மோசம். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போன தீபாவளிக்கு வந்த மகள், காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள் அப்பா என்று சொல்ல, அவருக்குக் கோபம் வந்து அன்றைக்கு முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்காத கேள்விக்குச் சிரித்துவைப்பார், அல்லது "ம்ம்" என்பார். பாசாரில் வெண்டைக்காய் வாங்கி வரச் சொன்னால் கத்தரிக்காயோடு வருவார்.

குமுதாவுக்கு எல்லாம் தெரியும். ஒருவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்தே அவருக்குக் கேட்டதா இல்லையா என்று சொல்லிவிடக்கூடியவள் அவள். ஆனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கத்தரிக்காய் வந்தால், ஆமாம், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று கத்தரிக்காயையே சமைப்பாள். சோபாவில் எப்போதும் அவருக்கு இடது பக்கமாகப் பார்த்து உட்காருவாள். பக்கத்து வீட்டுக் கனகேஸ்வரி டீச்சர், டிவி சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, எனக்குத்தான் டீச்சர் அப்படி வேண்டும், படம் தெரியாதில்லையா என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்ட பிறகு உடம்பு வேர்த்ததால் குமுதா ஹாலில் வெறும் தரையில் படுத்தாள். காது தரையில் பட்டதும் ஒரு சத்தம் கேட்டது. மெல்லியதாக, விடாமல், காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் விட்டது போல ஒரு சீறல். எழுந்து போய் அடுப்பைத் தடவிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. திரும்ப வந்து காதை வைத்தாள். சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நாகையாவிடம் சொன்னாள். அவர் வீடு முழுக்கச் சுற்றி எல்லாக் குழாயையும் இறுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுகூட இல்லை என்றார். ஹாலில் வந்து கேட்டுப் பாருங்கள் என்று கூப்பிட்டாள். அவர் வந்து நின்றார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு, அது மெயின் ரோட்டில் போகும் லோரிச் சத்தம் என்றார். அந்த நேரத்தில் ரோட்டில் லோரி எதுவும் போகவில்லை. குமுதா, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

அடுத்த இரண்டு வாரமும் மத்தியானத்தில் அவள் படுத்துக் கேட்டாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. மீட்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். அப்படிச் சொன்னால், உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். தண்ணீர் பில் வந்துவிட்டதா என்று மட்டும் இரண்டு முறை சாதாரணமாக விசாரித்தாள். இன்னும் வரவில்லை என்றார்.

மீட்டர் பார்க்கும் ஆள் வந்த அன்று நாகையா வெளியே போயிருந்தார். அந்த ஆள் கேட் பக்கம் நின்று குமுதாவைக் கூப்பிட்டு, வழக்கத்தைவிட மூன்று மடங்கு தண்ணீர் போயிருக்கிறது, எங்கோ உள்ளே பைப் உடைந்திருக்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு, சீக்கிரம் ஆள் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

நாகையா வந்து அதைப் படித்தார். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, கூரைத் தொட்டிக்குப் போகும் வால்வையும் அடைத்துவிட்டு, கேட் பக்கம் போய் மீட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் மீட்டருக்குள் இருந்த சின்னச் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி உள்ளே வர ரொம்ப நேரம் ஆனது. வந்தவர், ஆளைக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து முகுந்தன் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தாமான் தாமானாகப் போய்ப் பைப் வேலை செய்பவர். நீளமான ஓர் இரும்புக் கம்பியின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, மறு நுனியில் காதை வைத்து, வாசல் போர்ச்சில் இங்கும் அங்கும் கேட்டுப் பார்த்தார். காலை நேரம். மெயின் ரோட்டில் கண்டெய்னர் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தூணுக்குப் பக்கத்தில் இருக்கலாம், கேட்டுக்குப் பக்கத்திலும் இருக்கலாம், போர்ச் முழுவதையும் உடைத்துப் பார்க்க வேண்டிவரலாம் என்றார்.

குமுதா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நாகையா முகுந்தனிடம் பேசுவது அவளுக்குக் கேட்டது.

"என் வைஃபைக் கேளுங்க தம்பி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே அவங்க சொல்லிட்டாங்க. எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது சரியில்ல."

குமுதாவின் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது. பெற்ற மகளிடம் சொல்லாததை, வந்து அரை மணி நேரம்கூட ஆகாத ஓர் ஆளிடம் அவர் சொல்லிவிட்டார்.

முகுந்தன் கம்பியை அவள் கையில் கொடுத்தார். மருத்துவமனையில் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைத் தவிர இப்படி ஒன்றை அவள் பிடித்ததில்லை. நாகையா கேட்டை மூடினார். குமுதா ஹாலிலிருந்து ஆரம்பித்தாள். ஓரிடத்தில் ஊன்றிக் கேட்பாள், ஓர் அடி தள்ளி ஊன்றிக் கேட்பாள். ஆண்கள் இரண்டு பேரும் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து, வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"இங்கதான்னு நினைக்கிறேன். ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல தம்பி."

சத்தம் இரும்புப் பைப் வழியாகவே ஓடும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை ஆன்டி என்று சொல்லிவிட்டு முகுந்தன் சிமெண்டை உடைத்தார். மண் சேறாக இருந்தது, ஆனால் ஓட்டை அங்கே இல்லை. தப்பாகச் சொல்லி வாசலை உடைக்க வைத்துவிட்டோம் என்று குமுதா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். சேற்றில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே போன முகுந்தன், வாசற்படிப் பக்கமாக இன்னும் ஒரு முழம் தோண்டியதும் பைப்பைக் கண்டுபிடித்தார். தாமான் கட்டிய காலத்து இரும்புப் பைப், துருவேறி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. நாகையா ஹாலுக்கே ஓடி வந்து அதைச் சொன்னார். போர்ச் முழுக்க உடைக்காமல் ஒரு முழத்தில் முடிந்ததே என்று முகுந்தன் வெளியிலிருந்து சொன்னதும் அவளுக்குக் கேட்டது. அப்போதுதான் எழுந்து டீ போடப் போனாள். குழாயைத் திறந்த பிறகுதான் தண்ணீர் மூடியிருப்பது நினைவுக்கு வந்தது.

அந்த ஓட்டையை அடைத்தாலும் அடுத்த மாதம் வேறு இடத்தில் உடையும், பழைய பைப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுச் சுவர் ஓரமாகப் புதுப் பைப் இழுப்பதுதான் நல்லது என்றார் முகுந்தன். அதற்கு இரண்டு நாள் ஆகும். அதுவரை கதவுக்கு வெளியே பள்ளம் திறந்தேதான் கிடக்கும், மண் காய வேண்டும்.

நாகையா பள்ளத்துக்கு மேல் பலகை போட்டார். பலகை ஆடியது. எடுத்துவிட்டு, இரண்டு நாளைக்கு நீ வெளியே வர வேண்டாம், வரவேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு என்றார். கூப்பிட்டால் தனக்குக் கேட்குமா என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பள்ளத்துக்குப் பக்கத்தில் போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கனகேஸ்வரி டீச்சர் தன் வீட்டு ரப்பர் குழாயைச் சுவருக்கு மேலாகத் தூக்கிப் போட்டார். "ரெண்டு நாளைக்கு எங்கட வீட்டுத் தண்ணியை எடுங்கோ, கேட்டுக்கொண்டு நிக்க வேண்டாம்" என்றார். நாகையா வாளி வாளியாகப் பிடித்து சமையலறையில் கொண்டுபோய் வைத்தார். பிறகு குமுதாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கதவுக்கு உட்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். நடுவில் பள்ளம். ஈரமண் வாசனை அடித்தது.

"நீ கூப்பிட்டுக் காட்டினப்ப எனக்கு ஒன்னுமே கேக்கல, குமுதா. லோரின்னு சும்மா சொல்லிட்டேன்."

"தெரியும்."

"காது கேக்கலன்னு எப்பலேந்து தெரியும்?"

"ஆறு வருஷமாத் தெரியும்ங்க."

டிவியைச் சத்தமாக வைக்க வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னது நீதானே என்றார் நாகையா. எனக்கு எதற்கு அவ்வளவு சத்தம் என்றாள் குமுதா. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நின்ற பிறகு, இத்தனை நாளாக ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றார்.

முப்பத்தெட்டு வருடம் மற்றவர்கள் பேச்சை இணைத்துவிட்டவளுக்குத் தன் பேச்சு தடுமாறியது.

"கல்யாணம் ஆன நாள்லேந்து, உனக்குக் கண்ணு தெரியாதுன்னு நீங்க ஒரு வாட்டி சொன்னதில்ல. கோவத்துலகூடச் சொன்னதில்ல. உங்களுக்குக் காது கேக்கலன்னு நான் மட்டும் எப்படிங்க சொல்றது?"

இதை அவருக்குக் கேட்கும்படியாக, வாயைத் திறந்து, நன்றாகச் சத்தமாகத்தான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டீச்சருக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் வாளி வைக்கும் சத்தமும், கதவை மெதுவாகச் சாத்தும் சத்தமும் குமுதாவின் காதில் விழுந்தன. நாகையா பள்ளத்தைத் தாண்டிக் கையை நீட்டி அவள் முழங்காலில் வைத்தார். அவர் அழுகிறாரா என்று அவள் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் மூச்சே அவளுக்குப் போதுமாக இருந்தது. நீ சொல்லியிருக்கலாம், நான் கோபப்பட்டிருப்பேன், ஆனாலும் சொல்லியிருக்கலாம் என்றார். இனிமேல் சொல்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் புதுப் பைப்பில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று வந்து குழாய் இருமியது, பிறகு கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. முகுந்தன் பள்ளத்தை மண் போட்டு மூடி, மேலே சிமெண்டு பூசி, நாளைக்கு வரைக்கும் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை நாகையா குமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மீட்டரிலிருந்து ஆரம்பித்து, சுவர் ஓரமாகப் போகும் பைப்பை ஒவ்வொரு வளைவாகத் தடவிக் காட்டினார். இது மூடும் வால்வு, இந்தப் பக்கம் திருப்பினால் மூடும். இது சமையலறைக்கு. இது மேலே போவது. இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை அவளே தனியாகப் போய் வந்தாள்.

அடுத்த வாரம் ஜொகூருக்குப் போன் போட்டு, காதைக் காட்டப் போகிறேன் என்று நாகையா தானாகவே மகளிடம் சொன்னார். குமுதா வேலை செய்த அதே மருத்துவமனைக்குத்தான் போனார்கள். அவரை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். குமுதா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. இருபது நிமிடம் அவள் தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவர், வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டதாம், இடது பரவாயில்லையாம், மிஷின் போட வேண்டுமாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

மிஷின் வந்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கரண்டி தட்டில் படுவது இடி மாதிரி இருக்கிறது என்பார். மழை பெய்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். போகப் போகப் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்வார். மத்தியானம் தூங்கும்போது மட்டும் கழற்றி, ஐஸ்பெட்டி மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். அந்த நேரத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குமுதா கூப்பிட மாட்டாள். நடந்து போய் அவர் தோளைத் தொடுவாள். அவர் எழுந்து டப்பாவைத் தேடிப் போவார். சில நாள் தேடாமல், படுத்தபடியே இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் குனிந்து சொல்லுவாள்.