யாரோ ஒரு சிநேகிதனின் வியாதி

தீவின் தலைநகரான கிங்ஸ்டனின் வானொலியில் டாக்டர் வெரோனா பின்னக் பேச ஆரம்பித்த முதல் வாரமே ஒரு சந்தைக்காரி போன் போட்டு மானத்தை வாங்கினாள். "டாக்டரம்மா, நீங்க சொன்னதுல ஒரு எழவும் புரியல. எனக்கு வந்திருக்கிறது நோயா, பரீட்சையா?" அன்றோடு வெரோனா புத்தகப் பேச்சை மூட்டை கட்டினாள். அதன்பின் அவள் குரல் கேட்காத முடிதிருத்தும் கடையோ மினி பஸ்ஸோ இல்லையென்று ஆயிற்று. ஊரில் எல்லா வியாதிக்கும் காய்ச்சிக் குடிக்கிற காட்டுப் பாகல் கஷாயத்தைக் குடிக்காதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "கஷாயம் குடிச்சேன்னு மாத்திரைய நிறுத்தாதே" என்பாள், அவ்வளவுதான்.

பெண்கள் நேராகப் பேசுவார்கள். ஆண்கள் கதையே வேறு. அந்தத் தீவில் எந்த ஆணுக்கும் வியாதி கிடையாது; எல்லாம் அவனுடைய சிநேகிதனுக்குத்தான். "என் சிநேகிதன் ஒருத்தனுக்குச் சர்க்கரை" என்று ஆரம்பிப்பான். கேட்கிற நாடே சிரிக்கும். வெரோனா மட்டும் சிரிக்க மாட்டாள். அவளுடைய அப்பாவும் அப்படிப்பட்டவர்தான். புராஸ்டேட் புற்றுநோய். டாக்டர் பின்வழியாக விரல் விட்டுப் பார்ப்பதற்கு ஒத்துக்கொள்ளாமல், ஆம்பிளைத்தனத்தைக் காப்பாற்றிக்கொண்டு உயிரை விட்டார்.

அதே பிடிவாதம் தம்பி லின்வலுக்கு. மாண்டவில் தடத்தில் பஸ் ஓட்டுகிறவன். ஐம்பது தாண்டியதிலிருந்து சோதனை செய்துகொள்ளச் சொல்லி அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "உன் வேலைய ரேடியோவோட வச்சுக்க அக்கா" என்று பல்லிடுக்கில் காற்றை இழுத்துச் சலிப்போடு உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவான். அங்கே உச்சுக்கொட்டாத ஆளே இல்லை. ஆனால் லின்வல் கொட்டினால் நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று என்று இரண்டாக வரும்.

ஒரு புதன்கிழமை, போன்களை இணைக்கும் மார்வா சொன்னாள்: "மூணாவது லைன்ல மாண்டிகோ பே ஊர்லேர்ந்து பிரவுன்னு ஒருத்தர்."

"டாக்டரம்மா," தொண்டையைக் கம்மலாக்கிக்கொண்டு ஒரு குரல். "என் சிநேகிதன் ராத்திரியெல்லாம் ஒண்ணுக்கு எழுந்திருக்கறான். போனா சொட்டுச் சொட்டாத்தான் வருது. அவங்கப்பா மாதிரி ஆயிடுமோன்னு பயப்படறான்." பிறகு நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று.

வெரோனாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. டேய் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் போனை வைத்துவிடுவான். பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டான்.

"உங்க சிநேகிதனுக்கு அக்கா தங்கச்சி யாராவது உண்டா, பிரவுன் ஐயா?"

"ஒருத்தி இருக்கா. வாய் நீளம்."

"அப்போ அவகிட்ட சொல்ல வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. ரத்தம் எடுப்பாங்க, விரலால பார்ப்பாங்க. நீங்க செருப்பு மாட்டற நேரம்தான் ஆகும். ஆம்பிளைத்தனம் வச்ச இடத்துலயே இருக்கும்."

"சொல்லிப் பார்க்கறேன்."

லின்வல் போனான் என்பதும் தெரியாது, போகவில்லை என்பதும் தெரியாது. ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பஸ்ஸைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினான். ஊருக்கெல்லாம் வாய் திறக்கிறவள், சொந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் வெந்துகொண்டிருந்தாள்.

மாண்டிகோ பே பிரவுன் ஒருநாள் மறுபடி லைனில் வந்தார். "டாக்டரம்மா, சிநேகிதனுக்கு ரிசல்ட் வந்துடுச்சு. புற்றுநோய் இல்லையாம்! வயசானதால சுரப்பி வீங்கியிருக்காம். மாத்திரை குடுத்திருக்காங்க."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக டாக்டரம்மா நிகழ்ச்சி நடுவே மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மார்வா சட்டென்று சோப்பு விளம்பரத்தைப் போட்டாள். அது முடிந்ததும் எல்லா லைனும் அடித்தது. முன்பின் தெரியாத அந்தச் சிநேகிதனைத் தீவே வாழ்த்தியது. ஒரு மீன்காரி, "அந்தாளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பாலில் வெந்த பயற்றுச் சோறும் பொரித்த மீனும். லின்வல் இரண்டு தட்டை நீட்டினான்.

"இன்னொண்ணு யாருக்குடா?"

"என் சிநேகிதனுக்கு. பாவம், ரொம்பப் பயந்துட்டான்."

வெரோனா பெரிய மீனை எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள். "அவனோட அக்கா அதைவிடப் பயந்துட்டாளாம்னு போய்ச் சொல்லு."

லின்வல் உச்சுக்கொட்டவில்லை. "சொல்றேன் அக்கா" என்று குனிந்துகொண்டு இரண்டு தட்டையும் காலி செய்தான்.