மழை, குடை

பட்டாளத்திலிருந்து திரும்பிய மனுஷன் பதினோரு வருஷமாகப் பூட்டிய அறைக்குள்தான் தூங்குகிறார். பூட்டச் சொன்னது அவரேதான். சாவி, தையல்காரியான மனைவியின் இடுப்பில். வந்த புதிதில், டீயோடு போய்த் தோளைத் தொட்டு எழுப்பியவளின் கழுத்தைத் தூக்கத்திலேயே நெரித்துவிட்டார். கைத்தடம் மறைய இரண்டு வாரம் ஆயிற்று. பூட்டை அன்றைக்கே வாங்கி வந்தார்.

இரவு சிமெண்ட் கோடவுனில் காவல், பகலில் தூக்கம். எழுப்புவதும் காவல் சாவடி முறையில்தான். அவள் கதவைத் தட்டி "மழை" என்பாள். உள்ளேயிருந்து "குடை" என்று வந்தால் ஆள் விழித்தாயிற்று, திறக்கலாம். "புருஷனைப் பாக்கவே பாஸ்வேர்டா!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டுமே, நெரிபட்டது அவள் கழுத்தா என்ன?

அன்று மதியம் மகள் எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள். பேரன் பிறந்ததிலிருந்து அவர் அவனைத் தொட்டதே இல்லை. அத்தனை பயம்.

"இன்னிக்காவது அப்பா இவனைத் தூக்கணும்மா."

தாய்க்கும் அதே ஏக்கந்தான். போய்த் தட்டினாள்.

"மழை."

"குடை." டாண் என்று பதில் வந்தது.

திறந்தாள். வந்தார், கையை நீட்டிக் குழந்தையை வாங்கினார். மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநொடி, தையல் மெஷினுக்கு அடியில் புகுந்து குழந்தைமேல் கவிழ்ந்துகொண்டார்.

"தலையைத் தூக்காதே! சுடுறான்!"

குழந்தையின் அழுகை அவர் நெஞ்சுக்கடியில் அமுங்கியது.

அடப்பாவி மனுஷா, தூங்கிக்கொண்டேதான் குடை என்றாயா! வருஷக்கணக்காகக் காவலில் நின்றவனுக்கு அந்தப் பதில் தூக்கத்திலும் வரும் என்று இரண்டு பேருக்குமே உறைக்காமல் போயிற்றே. பாயப்போன மகளை இழுத்துப் பிடித்தாள். தொட்டால் பிடி இறுகும். விறைப்பாக நின்று சொன்னாள்.

"உங்க டூட்டி முடிஞ்சுது. மாத்த வந்திருக்கேன். ஒப்படைங்க."

வெளியே வந்து ஒப்படைத்தார். சல்யூட்டும் வைத்தார். கை நெற்றியில் இருக்கும்போதே விழித்துக்கொண்டார். வீறிட்டு அழும் பேரனைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறைக்குள் போய், "பூட்டு" என்றார்.

சாயங்காலம் வேலைக்கு நேரமாகிவிட்டது. தட்டினாள்.

"மழை."

பதில் இல்லை. இன்னொரு தரம் சொன்னாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"என்னங்க, முழிச்சுத்தானே இருக்கீங்க?"

"எனக்கே தெரியலையே," என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "திறக்காதே."