நம்பாத சொல்லைச் சொல்லாத அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரை அன்போடு ஏற்றுக்கொண்ட உங்கள் முன் அவர் வாழ்வைச் சுருக்கமாக வைக்கிறேன்.

அம்மா கடல் கடந்த ஒரு நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். யூதரில் ஒரு பிரிவினரான அவருடைய சமூகத்தார் யூத வரலாற்றையும் பண்டிகைகளையும் பேணுவார்கள். ஆனால் கடவுளிடம் வேண்டமாட்டார்கள். மனிதருக்கு மனிதரே பொறுப்பு என்று கூடி வாழ்வார்கள். தாம் நம்பாத எதையும் சடங்குக்காகக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது அவர்களின் ஒழுக்கம்.

தமிழ் கற்க மதுரைக்கு வந்தவர், எழுமலை விவசாயக் குடும்பத்தில் பிறந்த அப்பாவை மணந்து காளவாசலில் குடியேறினார். சாமி கும்பிடாத மருமகள் என்று உறவினர் சிலர் பல ஆண்டுகள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா ஒருவரையும் குறை கூறியதில்லை. யூத வழக்கப்படி வெள்ளிதோறும் மாலையில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி, பின்னிச் சுட்ட ரொட்டியை மேசையில் வைப்பார். அண்டை வீட்டார்க்கும் அதில் பங்குண்டு.

"எந்தச் சாமிக்குக்கா வெளக்கு?" என்று அடுத்த வீட்டுப் பெண் ஒருமுறை கேட்டார்.

"சாமிக்கு இல்ல, ஒக்காந்திருக்கிற நமக்குத்தான். வாங்க, ரொட்டி ஆறிரும்."

"சடை போட்ட ரொட்டிய இங்கதான் பாக்குறேன். பூ வைக்கலையாக்கா?"

அன்று அதிகம் சிரித்தவர் அம்மாதான்.

நோய் முற்றியபோது எங்களை வருத்தியது ஒரே கவலை. சடங்கு செய்தால் அம்மாவுக்குத் துரோகம். மறுத்தால் அப்பாவின் உறவுகள் முறியும். அப்பாவின் அண்ணனான பெரியப்பா எழுமலையிலிருந்து வந்து, அம்மாவிடமே கேட்டுவிட்டார்.

"தாயி, சாமி பாட்டுப் பாடாம ஒன்னைய எப்பிடி அனுப்புறது?"

"நீங்க நம்பித்தான பாடுறீக?"

"நம்பாமலா? பொறந்ததுலருந்து நம்புறேன்."

"அப்பப் பாடுங்க. நம்பாதவுகளப் பாடச் சொல்லாதீக."

"அம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன வருசம் ஒதுங்கிக் கெடந்தோம்!"

இறுதி நாளில் பெரியப்பா பாடினார். நம்பிக்கை இல்லாத அப்பாவும் நானும் பாடாமல் அருகில் நின்றோம். பின்னர், அம்மாவின் சமூக வழக்கப்படி, அவரைப் பற்றித் தாம் அறிந்ததை ஒவ்வொருவரும் கூறினர். ஒருவரும் அழைக்காமலே பெரியப்பா எழுந்தார்.

"இந்தப் புள்ள எம்மனசு நோகாமலும் பேசும், பொய்யில்லாமலும் பேசும். எனக்கு ரெண்டும் ஒண்ணா வந்ததில்ல." சொல்லிவிட்டு அமர்ந்தார்.

நோயில் துணைநின்ற மருத்துவர்கள், செவிலியர், அண்டை வீட்டார், கடல் கடந்து காணொளித் திரைவழியே எங்களோடு நின்ற அம்மாவின் சமூகத்தார் ஆகியோருக்கும், அன்று பாடி வழியனுப்பியவர்களுக்கும், பாடாமல் அவர்கள் அருகிலேயே நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது.

மகள்